சட்டென்று வரும் சொல், நின்று வரும் சொல்: மொரீஷியஸ் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மொரீஷியஸில் ரோஸ் ஹில் ஊர்ப் பக்கம் ஒரு கோவில் மண்டபத்தில் ஞாயிறு காலையில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். அதற்கு முன்பு பல ஆண்டுகள் தொடக்கப் பள்ளிகளில் தமிழ் வாத்தியார். வகுப்பு முடிந்து செருப்பைத் தேடும் நேரத்தில் பெற்றோர் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வரும்: பிள்ளை சில சொற்களைச் சட்டென்று படிக்கிறது, சிலவற்றில் ஏன் நின்றுவிடுகிறது? வாசலில் நின்றபடி ஒழுங்காகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

என் மகள் ‘அம்மா’, ‘சாமி’, ‘விபூதி’ எல்லாம் கண்ணை வைத்ததும் படிக்கிறாள். ‘மழை’ என்ற சின்னச் சொல்லில் தடுமாறுகிறாள். இது எப்படி?

இந்தக் கேள்வியைக் கேட்ட தாய் கொஞ்சம் வெட்கத்தோடுதான் கேட்டார். எனக்கு அது வகுப்பிலேயே நல்ல கேள்வி.

பாடநூல் எழுதுபவர் பார்வையில் ‘மழை’ எளிது: இரண்டே எழுத்து, தினமும் காணும் பொருள். ‘விபூதி’ கடினம். ஆனால் உங்கள் மகளுக்கு மழை என்பது ‘லாப்ளி’. வீட்டில், பஸ்ஸில், பள்ளி முற்றத்தில், எங்கே நனைந்தாலும் அவள் காதில் விழுவது கிரியோல் சொல்தான், பிரெஞ்சிலிருந்து பிறந்து இங்கே எல்லோரும் பேசும் மொழி அது. விபூதியோ நடக்கப் பழகும் முன்பே நெற்றியில் ஏறிவிட்டது. அதற்கு அவளிடம் வேறு சொல்லே கிடையாது.

சொல்லின் வேகத்தை முடிவு செய்கிறவற்றில் முதலாவது புழக்கம். எவ்வளவு அதிகமாகக் கேட்டு, சொல்லி, படித்திருக்கிறோமோ அவ்வளவு விரைவாக வரும். 1965-இல் ஆக்ஸ்போர்டில் ஓல்ட்ஃபீல்டு, விங்ஃபீல்டு என்ற இருவர் படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொன்னார்கள். பொருளின் பெயர் எவ்வளவு அரிதோ அவ்வளவு தாமதம். இதில் ஒரு கணக்கு உண்டு. புழக்கம் ஒன்றிலிருந்து பத்தாகும்போது கிடைக்கும் வேகம், பத்திலிருந்து நூறாகும்போது கிடைக்கும் வேகத்துக்கு ஏறக்குறையச் சமம். அதாவது நன்றாகத் தெரிந்த சொல்லை இன்னும் பத்துத் தடவை படித்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. அரைகுறையாகத் தெரிந்த சொல்லுக்கு அதே பத்துத் தடவை பெரிய சொத்து.

இரண்டாவது, கற்ற வயது. கேரல், வைட் என்பவர்கள் 1973-இல் புழக்கம் மட்டும் போதாது என்று காட்டினார்கள். வாழ்க்கையில் முன்னதாகக் கற்ற சொல், பின்னதாகக் கற்ற சொல்லைவிட விரைவாக வருகிறது. இந்த இரண்டில் எது உண்மையான காரணம் என்று ஆய்வாளர்கள் வெகுகாலம் வாதாடினார்கள், ஏனென்றால் சிறுவயதில் கற்கும் சொற்களே அதிகம் புழங்கவும் செய்கின்றன. நம் பிள்ளைகளிடம் இவை இரண்டும் கொஞ்சம் பிரிந்து நிற்பதைப் பார்க்கலாம். ‘காவடி’ ஆண்டுக்கு ஒருமுறை சூடுபிடிக்கும் சொல், ஆனால் கற்றது மடியில். ‘ஆகவே’ பாடநூலில் பக்கத்துக்குப் பக்கம் வரும், கற்றதோ ஒன்பது வயதில். எது முந்துகிறது என்று நீங்களே பாருங்கள்.

மூன்றாவது, மனதில் படம் தோன்றுகிறதா என்பது. ‘தேங்காய்’ என்றால் கண்ணில் தெரிகிறது. ‘பண்பாடு’ என்றால் என்ன தெரியும்? எனக்கே மேடையும் மைக்கும்தான் தெரிகிறது. அரிதான, படிக்கக் குழப்பமான சொற்களில் இந்தப் படத்தன்மை நன்றாகக் கைகொடுக்கிறது என்று 1995-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. பழகிய எளிய சொற்களுக்கு அந்த உதவி தேவைப்படுவதில்லை.

இந்த வேகத்தையெல்லாம் எப்படி அளக்கிறார்கள்?

திரையில் ஒரு சொல் தோன்றும், நீங்கள் வாய்விட்டுப் படிக்க வேண்டும். சொல் தோன்றியதிலிருந்து குரல் எழும்வரை எத்தனை மில்லி வினாடி என்று மைக் கணக்கிடும். பழகிய சின்னச் சொல்லை, நன்றாகப் படிக்கத் தெரிந்த பெரியவர் சுமார் அரை வினாடியில் சொல்லத் தொடங்கிவிடுவார். மைக்கிலும் ஒரு வில்லங்கம் உண்டு. ‘ப’, ‘க’ போல வெடித்து வரும் ஒலியை அது உடனே பிடித்துக்கொள்ளும், ‘ச’, ‘ஸ’ போல ஊதி வரும் ஒலியைச் சற்றுத் தாமதமாகப் பிடிக்கும். அதனால் ‘பால்’, ‘சோறு’ இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

இன்னொரு முறை, இது உண்மையான சொல்லா, சும்மா கோத்த எழுத்தா என்று பொத்தானை அழுத்திச் சொல்வது. ‘மரம்’ என்றால் ஆம், ‘மதம்பு’ என்றால் இல்லை. ஆங்கிலத்தில் இப்படி 40,000-க்கும் மேற்பட்ட சொற்களுக்கு நேரம் அளந்து 2007-இல் வெளியிட்டார்கள். பிரெஞ்சிலும் 38,000-க்கு மேல் செய்தார்கள், 2010-இல்.

மூன்றாவது வழி கண்ணைப் பின்தொடர்வது. படிக்கும்போது கண் வரி மேல் வழுக்கிக்கொண்டு போவதாகத் தோன்றும். அப்படிப் போவதில்லை, தத்தித் தத்திப் போகிறது. ஒவ்வொரு இடத்திலும் சுமார் கால் வினாடி நின்று அடுத்த இடத்துக்குத் தாவும். அரிதான சொல் மேல் கூடுதலாக நிற்கும், சின்ன இணைப்புச் சொற்களைப் பல நேரம் தாண்டியே போய்விடும்.

படத்தைப் பார்த்துப் பெயர் சொல்வதும், எழுதியதைப் படிப்பதும் ஒன்றுதானே?

இல்லை. படிப்பதுதான் வேகம். 1886-இலேயே கட்டெல் என்ற அமெரிக்கர் இதை அளந்து சொல்லிவிட்டார். ஜெர்மனியின் லைப்சிக்கில் உளவியலாளர் வுண்ட்டின் ஆய்வுக்கூடத்தில் படித்தவர் அவர். நிறத்தையோ படத்தையோ பார்த்துப் பெயர் சொல்ல, அந்தப் பெயரை எழுத்தில் பார்த்துப் படிப்பதைவிட அதிக நேரம் ஆகிறது.

காரணம் எளிது. யானைப் படத்தைப் பார்த்தால் முதலில் அது என்னவென்று உணர வேண்டும், பிறகு அதற்கான சொற்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அப்புறம்தான் ஒலி. ‘யானை’ என்று எழுதியிருந்தால் எழுத்திலிருந்து ஒலிக்கு நேராகவே போகலாம், பொருள் தெரியாவிட்டாலும் வாய் சொல்லிவிடும். எத்தனையோ பிள்ளைகள் தேவாரத்தை அப்படித்தான் படிக்கிறார்கள், நான் குறை சொல்லவில்லை.

நம் ஊரில் படத்துக்குப் பெயர் சொல்வதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு படத்துக்கு எல்லோரும் ஒரே பெயர் சொல்கிறார்களா, ஆளுக்கொன்று சொல்கிறார்களா என்பதும் வேகத்தை மாற்றுகிறது. பல பெயர் உள்ள படம் தாமதமாகும். முருங்கைக்கீரைப் படத்தைக் காட்டினால் ‘முருங்கை’, ‘கீரை’, கிரியோலில் ‘பிரெத்’, ‘பிரெத் முரும்’ என்று நாலு வாசலிலும் சொல் வந்து நிற்கும். பிள்ளை திணறுவது அறியாமையால் இல்லை. எந்த வாசலைத் திறப்பது என்று தெரியாமல்தான்.

எழுத்து தானாக வாய்க்குள் நுழையும் என்பதற்கு 1935-இல் ஸ்ட்ரூப் என்பவர் செய்த சோதனை பெயர்பெற்றது. ‘சிவப்பு’ என்ற சொல்லை நீல மையில் எழுதி, மையின் நிறத்தைச் சொல்லச் சொன்னால் எல்லோரும் தடுமாறுவார்கள். என் வகுப்பில் ஒருநாள் இதைச் செய்தேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் நீல மையில் எழுதிய ‘சிவப்பு’ பார்த்து ‘நீலம்’ என்று ஜம்மென்று சொன்னார்கள். அதையே பிரெஞ்சில் ‘ரூஜ்’ என்று எழுதிக் காட்டினால் உளறினார்கள். அவர்களுக்குப் பிரெஞ்சுப் படிப்பு தானாக ஓடத் தொடங்கிவிட்டது, தமிழ்ப் படிப்பு இன்னும் கைப்பிடித்துத்தான் நடக்கிறது. தடுமாறாமல் சொன்னதற்காக அன்று கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

‘கொத்தமல்லி’ நீளமான சொல். ஒற்றெழுத்து வேறு இருக்கிறது. ஆனால் யாருமே தடுமாறுவதில்லையே?

ஏனென்றால் அது கிரியோலிலும் ‘கோத்தோமிலி’. சந்தையில் அம்மா பேரம் பேசும் சொல். கறிவேப்பிலை ‘காரிபூலே’. பீர்க்கங்காய் ‘பிபங்காய்’. ரசம் ‘ராசோன்’. நம் முன்னோர் கொண்டுவந்த சொற்கள் கிரியோலுக்குள் போய் எல்லா மொரீஷியஸ்காரர் வாயிலும் உட்கார்ந்துவிட்டன. சீனர் கடையிலும் கோத்தோமிலிதான்.

இரண்டு மொழியிலும் ஒலியும் பொருளும் ஒத்திருக்கும் சொற்களை, இருமொழி பேசுபவர்கள் மற்றச் சொற்களைவிட விரைவாகச் சொல்கிறார்கள். ஸ்பெயினில் கட்டலான், ஸ்பானிய மொழிகள் இரண்டும் பேசுபவர்களிடம் 2000-ஆம் ஆண்டு இதைக் காட்டினார்கள். ஒரு மொழியில் புழங்கும்போது இன்னொரு மொழியின் சொல்லும் கூடவே பயிற்சி பெறுகிறது என்று புரிந்துகொள்ளலாம். வரிவடிவம் வேறாக இருந்தாலும் ஒலி உறவு உதவவே செய்கிறது.

இதிலிருந்து எனக்கு ஒரு பாடத்திட்டமே கிடைத்தது. இப்போது புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ‘அணில்’, ‘ஆடு’ என்று தொடங்குவதில்லை, சமையலறையிலிருந்து தொடங்குகிறேன். கல்யாணத்தில் வாழையிலையில் பரிமாறும் ஏழு கறியின் பெயரையும் கரும்பலகையில் எழுதினால், எழுத்து தெரியாத பிள்ளைகூட வாசனையை வைத்துப் பாதி ஊகித்துவிடும். ஊகிப்பது படிப்பாகுமா என்று ஒரு பெரியவர் கோபப்பட்டார். ஆகும் ஐயா, தொடக்கத்தில் ஆகும்.

நீளமான சொல் என்றால் தாமதம்தானா?

பொதுவாக ஆம், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. அதிகம் புழங்கும் சொற்கள் எந்த மொழியிலும் தேய்ந்து சின்னதாகிவிடும். இதை ஸிப்ஃப் என்பவர் 1930-களில் கணக்கெடுத்துக் காட்டினார். அதனால் நீளத்தின் பேரில் நாம் போடும் பழியில் ஒரு பங்கு உண்மையில் புழக்கக் குறைவுக்குச் சேர வேண்டியது. நன்றாகப் படிக்கும் பெரியவருக்குப் பழகிய சொல்லில் ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் பெரிய வித்தியாசமில்லை. தொடக்க நிலைப் பிள்ளைக்கு ஒவ்வோர் எழுத்தும் ஒரு படி.

தமிழில் இன்னொன்று. நாம் சொற்களை ஒட்டிக்கொண்டே போகிறோம். ‘வந்துகொண்டிருந்தவர்களுக்காக’ என்று ஒரே மூச்சில் எழுதுகிறோம். ஆங்கிலச் சொற்களை வைத்து டாஃப்ட், ஃபார்ஸ்டர் ஆகியோர் 1975 முதல் செய்த ஆய்வுகள், மூளை இப்படிப்பட்ட சொல்லை அடியும் ஒட்டுமாகப் பிரித்துப் பார்க்கிறது என்ற கருத்தை வளர்த்தன. வேர்ச்சொல் பழகியிருந்தால் முழுச்சொல்லும் விரைவாக வரும். ‘கோவிலுக்குள்ளிருந்து’ என்பதை என் பிள்ளைகள் படித்துவிடுகிறார்கள், ‘கழனிக்கு’ என்பதில் நின்றுவிடுகிறார்கள். முன்னது நீளம்தான், ஆனால் வேர் சொந்த வீட்டுச் சொல்.

பிள்ளைக்குப் பாடம் சொல்லும்போது நீளமான சொல்லில் மெல்லிய பென்சில் கோடு போட்டுப் பிரித்துக் காட்டுங்கள். தவறில்லை. அழித்துவிடலாம்.

247 எழுத்து இருப்பதுதான் காரணமா?

247 என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளைப் பயமுறுத்திவிட்டோம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மீதி 216-உம் இவற்றின் சேர்க்கை. ஆனாலும் கண்ணுக்குப் புதிய வடிவங்கள் நிறைய என்பது உண்மை. கன்னடப் பிள்ளைகளை ஆராய்ந்த சோனாலி நாக், இந்திய வகை எழுத்துகளை முழுமையாகக் கற்று முடிக்கச் சில வகுப்புகள் ஆகும், ஆங்கில எழுத்து போல ஓராண்டில் முடிகிற வேலை அல்ல என்று 2007-இல் எழுதினார்.

தமிழில் எனக்குத் தொல்லை கொடுப்பது எண்ணிக்கை இல்லை, இடம். ‘கெ’, ‘கே’, ‘கை’ ஆகியவற்றில் உயிர்க்குறி முன்னால் நிற்கிறது, ஒலிக்கும்போது பின்னால் வருகிறது. ‘கொ’, ‘கோ’ இரண்டிலும் இருபுறமும் நின்று க-வை நடுவில் பிடித்துக்கொள்கிறது. பிரெஞ்சு படித்துவரும் பிள்ளைக்கு இடமிருந்து வலம் வரிசையாக ஒலிக்க வேண்டும் என்ற பழக்கம் இருக்கும். இந்தியில் ‘இ’ குறி இப்படித்தான் மெய்க்கு முன்னால் எழுதப்படுகிறது. வைத், குப்தா இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி எழுத்து வரிசையும் ஒலி வரிசையும் மாறி நிற்கும் சொற்களைப் படிக்கக் கூடுதல் நேரம் ஆனது. தமிழ்ப் பிள்ளை ‘கொடி’யில் கண நேரம் நிற்பதும் ‘கடி’யில் நிற்காததும் அதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது.

தமிழை எழுதியபடியே படிக்கலாம். பிரெஞ்சு, ஆங்கிலத்தைவிட எளிதாகத்தானே இருக்க வேண்டும்?

பாதி சரி. பிரெஞ்சில் பறவைக்கான சொல்லுக்கு (oiseau) ஆறு எழுத்து. வாயில் வருவது ‘வாஸோ’. அந்த ஆறில் ஓர் எழுத்துகூடத் தன் வழக்கமான ஒலியில் இல்லை. அதே பறவை கிரியோலில் ‘ஸ்வாஸோ’ (zwazo). 2011-இல் ஏற்ற எழுத்து முறைப்படி ஐந்து எழுத்து, ஐந்து ஒலி, கணக்கு நேர். 2012 முதல் பள்ளியில் கிரியோல் ஒரு விருப்பப் பாடமானபோது பிள்ளைகள் அதை வேகமாகப் படித்ததில் எனக்கு வியப்பில்லை.

எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள நேர்மை எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2003-இல் வெளிவந்த ஐரோப்பிய ஒப்பீடு ஒன்று இருக்கிறது, சீமோர் என்பவர் தலைமையில் 13 மொழிகளில் செய்தது. முதல் வகுப்பு முடிவில் பெரும்பாலான மொழிகளில் பிள்ளைகள் 90 விழுக்காட்டுக்கு மேல் சொற்களைச் சரியாகப் படித்தார்கள். பிரெஞ்சுப் பிள்ளைகள் 79. ஸ்காட்லாந்தில் ஆங்கிலம் படித்தவர்கள் 34.

தமிழ் நேரான மொழிகளின் பக்கம்தான். ஆனால் வல்லினம் இருக்கிறதே! ‘கல்’, ‘தங்கம்’, ‘பகல்’ மூன்றிலும் அதே ‘க’, ஒலி மூன்று. தமிழ்ச் சொற்களில் இடத்தை வைத்து ஒலியைச் சொல்லிவிடலாம். வேறு மொழியிலிருந்து வந்த சொற்களில் அந்த விதி செல்லாது. ‘போர்ட் லூயி’, ‘குவாத்ர் போர்ன்’ என்று நம் ஊர்ப் பெயர்களை எழுதிப் பாருங்கள். முன்னதில் ‘போ’ உதட்டில் வெடிக்கிறது, பின்னதில் தொண்டை அதிர்கிறது. எழுத்து காட்டிக்கொடுக்காது. இருந்தும் எந்தப் பிள்ளையும் தப்பாகப் படிப்பதில்லை. விதிக்கு அடங்காத சொல் அதிகம் புழங்கினால் தாமதம் மறைந்துவிடும், அரிதாக இருந்தால்தான் இடறும் என்பது ஆங்கில ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. ‘பாவம்’ என்ற சொல்லில் மட்டும் எனக்கு இன்னும் பிடிவாதமான சிக்கல். ஐயோ பாவமா, நடனத்தில் வரும் பாவமா?

ஒன்றைப் போல இன்னொன்று இருந்தால் குழப்பமா, உதவியா?

இரண்டும்தான். ஓரெழுத்து மாற்றினால் வேறு சொல்லாகும் சொற்களை அண்டைச் சொற்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘கல்’லுக்குப் பல், புல், நெல், வில், சொல் என்று பெரிய அக்கம்பக்கம். இப்படி அண்டை நிறைந்த சொற்களை வாய்விட்டுப் படிப்பது பொதுவாக விரைவாகிறது, அதிலும் அரிதான சொற்களுக்கு. ஆனால் அண்டையில் மிகப் பிரபலமான ஒரு சொல் இருந்தால் கண் அதன் பக்கம் சாய்ந்துவிடும். ‘வளி’ என்று இருந்ததை ‘வழி’ என்று படித்த பிள்ளைக்குக் கண்ணாடி தேவையில்லை.

வீட்டில் யாரும் ‘இருக்கிறது’ என்று பேசுவதில்லை. பேச்சுத் தமிழ் வேறு, எழுத்துத் தமிழ் வேறு என்பது வேகத்தைக் குறைக்குமா?

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ பிள்ளை ‘இருக்கு’ என்று பேசி வளர்ந்து, பள்ளியில் ‘இருக்கிறது’ என்பதைச் சந்திக்கும். இரண்டுக்கும் பாலம் போட வேண்டும். இங்கே நிலைமை தலைகீழ். பெரும்பாலான வீடுகளில் பேச்சுத் தமிழே இல்லை, கிரியோல்தான். பிள்ளை தமிழை முதலில் சந்திப்பதே பாடநூலில். அதனால் ‘இருக்கிறது’ என்பதை நம் பிள்ளை இடறாமல் படித்துவிடும். யாராவது தமிழ்ப் படம் போட்டு ‘இருக்குது’ என்றால் ‘அது என்ன சொல்?’ என்று கேட்கும்!

எனவே தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு எளிது என்று வகுத்த சொற்பட்டியலை அப்படியே இங்கே வைக்கக்கூடாது என்பது என் கருத்து. சென்னை நாளிதழ்களில் ‘முதலமைச்சர்’ அன்றாடச் சொல். இங்கே ‘தீமிதி’ அதைவிட நெருக்கம்.

மூன்று நான்கு மொழி சுமப்பதால்தான் பிள்ளை மெதுவாகிறதோ? ஒன்றை நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள்.

பல மொழி தெரிந்தவர் படத்துக்குப் பெயர் சொல்லும்போது, ஒரே மொழிக்காரரைவிடச் சற்றே தாமதிக்கிறார் என்பது உண்மை. அமெரிக்காவில் கோலன் என்ற ஆய்வாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் இதற்குச் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்தது. நாள் ஒன்றுக்கு ஒருவர் பேசும் சொற்களுக்கு ஓர் அளவு உண்டு. அதை மூன்று மொழி பங்குபோட்டுக்கொண்டால் ஒவ்வொரு சொல்லின் புழக்கமும் குறையும். அவ்வளவுதான், மூளை நெரிசல் என்று ஒன்றுமில்லை. தாமதம் அரிதான சொற்களில்தான் அதிகம் தெரிகிறது. மில்லி வினாடிக் கணக்கு அது, மார்க் குறையும் கணக்கு இல்லை.

எனக்கு 68 வயது. தெரிந்தவர் பெயர் நாக்கு நுனியில் நிற்கிறது, வர மறுக்கிறது. பயப்படலாமா?

இந்தக் கேள்வியைப் பேரனை அழைத்துவரும் தாத்தாக்கள் கேட்பார்கள், பேரனுக்கு என்று சொல்லிக்கொண்டு.

1966-இல் பிரௌன், மெக்நீல் இருவரும் அரிய சொற்களின் விளக்கத்தைப் படித்துக்காட்டி, சொல் என்ன என்று கேட்டார்கள். சொல் வராதவர்களுக்கும் அதன் முதல் எழுத்தும் எத்தனை அசை என்பதும் பல நேரம் தெரிந்திருந்தது. பொருள் தயாராக இருக்கிறது, ஒலி மட்டும் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. வயதானால் இது கூடும், அதிலும் ஆள் பெயர்களில். தொழில் நினைவிருக்கும், பெயர் வராது. ‘கடை வைத்திருந்தாரே, உயரமாக...’ என்போம். அவர் பெயர் செட்டி என்பது வராது. கடை என்றதும் நூறு விஷயம் கைகொடுக்கும், பெயருக்கு அப்படிப் பிடிமானம் இல்லை.

பலமொழிக்காரருக்கு இதில் ஓர் ஆறுதல். மற்றச் சொற்களில் அவருக்கு நாக்கு நுனிச் சிக்கல் கூடுதல், ஆள் பெயரில் மட்டும் ஒருமொழிக்காரருக்குச் சமம். பெயர் எந்த மொழியிலும் ஒன்றுதானே, புழக்கம் பிரிவதில்லை. ஆனால் பெயரோடு கூடவே வழி மறப்பது, அடுப்பை மறப்பது என்று வேறு மாற்றமும் தெரிந்தால் டாக்டரைப் பாருங்கள்.

முதலும் கடைசியும் சரியாக இருந்தால் நடுவில் எழுத்து கலைந்தாலும் படிக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

கேம்பிரிட்ஜ் ஆய்வு என்று போட்டு வரும், அதுதானே? அப்படி ஓர் ஆய்வு கேம்பிரிட்ஜில் நடக்கவில்லை. 2006-இல் ரெய்னரும் மற்றவர்களும் ஆங்கிலத்தில் அளந்து பார்த்தார்கள். நடு எழுத்துகளை மாற்றினால் வேகம் ஏறத்தாழ 11 விழுக்காடு குறைந்தது, கடைசி எழுத்துகளை மாற்றினால் 26, முதல் எழுத்துகளை மாற்றினால் 36. படிக்கலாம், கூலி உண்டு. தமிழில் ‘தைசப்பூம்’ என்று எழுதிப் பாருங்கள். ஜனவரி மாதம் என்றால் படித்துவிடுவீர்கள்.

நம் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது. தினமும் பார்க்கிறோம். அது பயிற்சி ஆகாதா?

ஆகாது. பார்ப்பது வேறு, படிப்பது வேறு. 100 ரூபாய் நோட்டில் நம் தமிழ்த் தலைவர் சீனிவாசன் ஐயா படத்தைப் பார்த்திருப்பீர்கள், ஆங்கிலத்துக்குக் கீழே தமிழில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். 1998-இல் புது நோட்டில் தமிழும் இந்தியும் இடம் மாறி வந்தபோது நாம் எழுப்பிய குரலும், நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த எழுத்துக்காக அவ்வளவு நின்றோம். கடையில் கொடுக்கும் முன் பிள்ளையை ஒருதரம் வாய்விட்டுப் படிக்கவும் சொல்லலாம்.

வகுப்பில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் படிக்கச் சொல்வீர்களா?

ஒருகாலத்தில் வைத்தேன். பள்ளியில் இருந்தபோது இரண்டு பத்தி எழுதிக் கொடுத்தேன், ஒன்று கோவில் திருவிழா, இன்னொன்று கழனி, வரப்பு, ஏற்றம் என்று தமிழ்நாட்டு வயல்வெளி. இடது வரிசைக்கு ஒன்று, வலது வரிசைக்கு ஒன்று. நேரம் குறித்து, வேகமானவர் மெதுவானவர் என்று பட்டியல் போட்டு, அதைப் பெற்றோரிடமும் சொன்னேன். கடைசியாக வந்த பையன் அழுதான். அடுத்த வாரம் ஏதோ தோன்றிப் பத்திகளை மாற்றிக் கொடுத்தேன். அவன் நடுவுக்கு மேலே வந்தான். முதல் வாரம் முதலாக வந்த பெண் ‘ஏற்றம்’ என்ற சொல்லில் மூன்று தடவை நின்றாள். நான் அளந்தது பிள்ளைகளை இல்லை, சொற்களை. அந்தப் பட்டியலைக் கிழித்தேன், ஆனால் பெற்றோரிடம் சொன்னதைக் கிழிக்க முடியவில்லை.

அப்படியானால் எப்போது உண்மையில் கவலைப்பட வேண்டும்?

பிள்ளைக்கு மிகவும் பழகிய பொருள்களின் பெயரே, அதற்கு மிகவும் வசதியான மொழியிலேயே, தாமதமாக வந்தால். 1970-களில் டெங்க்லா, ருடல் என்ற இருவர் ஒரு சோதனையைப் பரவலாக்கினார்கள். நிறமோ எண்ணோ எழுத்தோ ஐந்தை எடுத்து, ஒரே தாளில் மொத்தம் 50 வருமாறு கலந்து போட்டு, கடகடவென்று பெயர் சொல்லச் சொல்வது. இதில் மெதுவாக இருக்கும் பிள்ளைகளில் பலருக்குப் படிப்பதிலும் சிரமம் இருந்தது. நம் பிள்ளைக்கு இதைத் தமிழில் வைத்து முடிவு சொல்லக்கூடாது. கிரியோலில் வையுங்கள். அதிலும் திணறினால், பிரெஞ்சு, ஆங்கிலப் பாடங்களிலும் அதே சிரமம் தெரிந்தால், படிப்புச் சிரமங்களைப் பார்க்கும் வல்லுநரிடம் காட்டுங்கள். தமிழில் மட்டும் மெதுவாக இருந்தால் என்னிடம் அனுப்புங்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்? இருபது தடவை எழுதச் சொல்லட்டுமா?

வேண்டாம். சொல் எத்தனை தடவை வந்தது என்பதைவிட, எத்தனை வெவ்வேறு இடங்களில் வந்தது என்பது வேகத்தை நன்றாகக் கணிக்கிறது என்று 2006-இல் அடெல்மன் முதலானோர் காட்டினார்கள். ‘தண்ணீர்’ என்பதை நோட்டுப் புத்தகத்தில் இருபது வரி எழுதுவதற்குப் பதில், குளிர்ப்பெட்டியில் பாட்டில் மேல் ஒட்டுங்கள், கோவில் குழாய்க்கு மேலே காட்டுங்கள், கதையில் ஒருமுறை, பாடலில் ஒருமுறை. வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். கிரியோலில் ‘திலோ’ என்று கேட்டால் தர மறுக்கவும் வேண்டாம், தாகம் தாகம்தான். தரும்போது ‘இந்தா, தண்ணீர்’ என்று சொல்லிக் கொடுத்தால் போதும்.

பெரியவர்கள் நாங்களும் வகுப்புக்கு வரலாமா?

வரலாம். பின்வரிசையில் நாற்காலி போட்டிருக்கிறோம். ஒன்பது மணிக்குத் தொடக்கம், பூசை நாளில் ஒன்பதரை. போன மாதம் ஒரு பாட்டி வந்தார். பள்ளிக்கூடமே பார்க்காதவர், எழுத்து ஒவ்வொன்றையும் விரலால் தடவித்தான் கண்டுபிடிப்பார். மூன்றாம் ஞாயிறு கரும்பலகையில் ‘கறிவேப்பிலை’ என்று எழுதினேன். ‘கறி’ வரைக்கும் விரல் போனது, மீதியைப் பார்க்காமலே சொல்லிவிட்டார். பேத்தி மட்டும் ‘வே’யில் நின்றுகொண்டிருந்தாள்.